27 வயதில் வாடிப்போனவள்: 'பெர்சுவேஷன்' பற்றி நாங்கள் ஆறு பேர் பேசியது

வயசான கதாநாயகி வருகிற காதல் கதை ஏதாவது படிக்கலாமா என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டது நான்தான். எனக்கு 44 வயது, சேலத்தில் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்குகிற மாத நாவல்களைப் படித்தே வளர்ந்தவள், இன்றைக்கும் அவற்றின் மேல் பிரியம் குறையவில்லை. ஆனால் நான் படித்ததில் கதாநாயகிக்கு 20, 21, மிஞ்சிப்போனால் 23. எனக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, அவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள். அதனால்தான் கேட்டேன். எங்களில் மூத்தவரான டீச்சரம்மா (71 வயது, அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர்) யோசிக்கவே இல்லை, "ஜேன் ஆஸ்டினோட பெர்சுவேஷன் படிக்கலாம்" என்றார். கதாநாயகிக்கு என்ன வயசு டீச்சர் என்றேன். 27 என்றார்.

"27 எல்லாம் ஒரு வயசா?" என்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிற அக்கா சொன்னார். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன், ஆனால் எங்கள் கூட்டத்தில் இளையவளான பாப்பாவின் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு 26. போன மாதம் ஜாதகம் பதிய ஒரு இடத்துக்கு அவள் அம்மாவோடு போயிருக்கிறாள். அங்கே இருந்த ஆள் இவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 27 ஆயிட்டா அமையறது கஷ்டம்மா, எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 200 வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டு எடுத்தது இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க் கதையாகிவிட்டது.

24 அத்தியாயம். வாரத்துக்கு நாலு என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வாரம் அஸ்தம்பட்டியில் டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில், கடைசி வாரம் ஏற்காட்டில். காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்த புத்தகம், குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, காதால் கேட்க வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸில் இருக்கிறது. நாங்கள் படித்தது ஆங்கிலத்தில். சும்மா சொல்லக்கூடாது, கஷ்டம்தான். ஒரு வாக்கியம் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய் முடிகிறது, பாதியில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே தவறிப்போகும். டீச்சரம்மா உரக்கப் படித்து நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லவில்லை என்றால் நான் மூன்றாவது அத்தியாயத்திலேயே மூடி வைத்திருப்பேன். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படம் இதே எழுத்தாளரின் வேறொரு நாவலிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்ன பிறகு நாத்தனாருக்கும் கொஞ்சம் ஆர்வம் வந்தது, அவள் அதுவரை எனக்காகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

கதை இதுதான். ஆன் எலியட் பெரிய வீட்டுப் பெண், மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். 14 வயதில் அம்மா போய்விடுகிறாள். 19 வயதில் ஃபிரெடரிக் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனை விரும்புகிறாள், இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்கிறார்கள். அவனிடம் அப்போது பணமில்லை, பெரிய குடும்பமும் இல்லை. அம்மாவின் சிநேகிதியும் இவளை அம்மா ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருமான லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்று எடுத்துச் சொல்கிறார். இவள் கேட்டுக்கொள்கிறாள். எட்டு வருஷம் போகிறது. 1814இல் பிரான்ஸோடு நடந்த சண்டை ஓய்ந்து கடற்படைக்காரர்கள் எல்லாம் கரைக்குத் திரும்புகிறார்கள், அவனும் வருகிறான். இப்போது கேப்டன், எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் கிடைத்த பங்கிலேயே 25,000 பவுண்டு சேர்த்தவன். ஆனுடைய அப்பாவோ ஆடம்பரச் செலவு செய்து கடனில் மூழ்கி வீட்டையே வாடகைக்கு விடுகிறார், அதை எடுத்துக்கொண்டு வருவது வென்ட்வொர்த்தின் அக்காவும் அட்மிரலான அக்கா புருஷனும். அவன் ஆனைப் பார்த்துவிட்டு, அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிப்போயிருக்கிறாள் என்று யாரிடமோ சொல்கிறான், அதை அவளுடைய தங்கை மேரி ஒரு சங்கடமும் இல்லாமல் இவளிடமே வந்து சொல்கிறாள். அந்த இடத்தில் பாப்பா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கே ஒரு அரை மணி நேரம் போனது. வற்புறுத்தல் என்றால் அதில் அதட்டல் வந்துவிடுகிறது, லேடி ரஸ்ஸல் அதட்டவே இல்லை. இணங்கவைத்தல் என்று டீச்சரம்மா சொன்னார், சரிதான், ஆனால் அது பாடப்புத்தகத் தமிழ். கொலுசு அக்காதான் சொன்னார்: "பேசிப் பேசிக் கரைக்கறதுதான் கண்ணு. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்னு சொல்லுவாங்கல்ல?" அதற்கு மேல் நல்ல சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகவும் உண்மையாகப் பட்ட விஷயமும் அதுதான். கெட்டவர்கள் யாரும் இவர்களைப் பிரிக்கவில்லை. இவள் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒரு பெரியம்மா மாதிரியானவர், நல்லதுக்கு என்று நினைத்து, நியாயமான காரணங்களைச் சொல்லி, மெதுவாகக் கரைத்துவிடுகிறார். எதிரி சொல்லியிருந்தால் ஆன் எதிர்த்திருப்பாள். பிரியமானவர்கள் சொல்வதை எப்படி எதிர்ப்பது? எங்கள் ஆறு பேரில் நாலு பேருக்கு வாழ்க்கையில் ஒரு லேடி ரஸ்ஸல் இருந்திருக்கிறார். யார் யாருக்கு என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தது ஒன்பதாவது அத்தியாயத்துக்காக. மேரியின் மூத்த பையன் கீழே விழுந்து கழுத்துக் காறையெலும்பு பிசகிப் படுத்திருக்கிறான், ஆன் சோபா பக்கத்தில் மண்டியிட்டு அவனுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். அறையில் வென்ட்வொர்த் இருக்கிறான், இன்னொருவன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வயசு இளையவன் ஓடிவந்து இவள் முதுகில் தொற்றிக்கொள்கிறான், கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். இவள் சொல்லிப் பார்க்கிறாள், கெஞ்சிப் பார்க்கிறாள், ஒருமுறை தள்ளியும் விடுகிறாள், அவன் திரும்ப ஏறிக்கொள்கிறான். பேப்பர் படிக்கிறவன் இருந்த இடத்திலிருந்தே ஒரு அதட்டல் போடுகிறான், எழுந்து வரவில்லை. திடீரென்று முதுகில் பாரம் இல்லை. யாரோ பின்னாலிருந்து அந்தச் சின்னக் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்து எடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கியது யார் என்று தெரியும்போது அவளுக்கு வாயில் சொல் வரவில்லை, நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அவனும் ஒன்றும் பேசவில்லை, இவள் நன்றி சொல்லிவிடக் கூடாதே என்பது போலக் குழந்தையோடு சத்தம் போட்டு விளையாட ஆரம்பித்துவிடுகிறான்.

அவ்வளவுதான் காட்சி. தொட்டுக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள்ளவில்லை. நான் எத்தனையோ காதல் நாவலில் எத்தனையோ மழையும் எத்தனையோ மாடிப்படியும் படித்திருக்கிறேன், எதற்கும் இப்படித் தொண்டை அடைத்ததில்லை. எட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அவள் மேல் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இறக்கி வைத்தது இவன் ஒருவன்தான். அடுத்த அத்தியாயத்தில் நீண்ட தூரம் நடந்து களைத்துப்போனவளை, யாரும் கவனிக்காதபோது, தன் அக்காவின் வண்டியில் ஏற்றிவிடுகிறானே, அதுவும் இதே வகைதான். அங்கேயும் அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஏன் அப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாப்பேட்டையில் என் சின்ன அத்தை இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை, பாட்டி படுத்த படுக்கையாக இருந்த பதினோரு வருஷம் அவர்தான் பார்த்துக்கொண்டார், அப்புறம் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். நாவலில் பையன் அடிபட்ட மறுநாளே பக்கத்துப் பெரிய வீட்டில் விருந்து, அதற்கு அப்பனும் போகிறான், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அம்மாவும் கிளம்பிவிடுகிறாள், ஆன் இருக்கிறாளே பார்த்துக்கொள்வாள் என்று. அதைப் படித்தபோது எனக்கு என் குரலே கேட்டது. ஒரு ஆடிப் பண்டிகைக்கு என் சின்னவனுக்குக் காய்ச்சல், கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு எல்லாரும் கிளம்பி நின்றோம், "அத்தை இருக்காங்கல்ல, பார்த்துக்குவாங்க" என்று சொன்னது நான். அத்தையும் புடவை மாற்றிக்கொண்டு ரெடியாகத்தான் நின்றார். மெரூன் கரை போட்ட பச்சைப் புடவை. திரும்ப உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் புடவை எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

சரி, மற்றவர்கள் சொன்னதையும் சொல்கிறேன், எல்லாருக்கும் என்னைப் போலப் பிடித்துவிடவில்லை.

நாத்தனாருக்கு வென்ட்வொர்த்தைப் பிடிக்கவே இல்லை. கோபம் இருக்கலாம், அதற்காக ஆன் கண்ணெதிரிலேயே மேரி புருஷனின் தங்கைகளான லூயிசாவோடும் ஹென்ரியட்டாவோடும் சிரித்துப் பேசிக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு ஆசையை வளர்த்துவிட்டு, கடைசியில் எனக்கு அந்த எண்ணமே இல்லை என்றால் என்ன நியாயம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவனே பிறகு அதை ஒத்துக்கொள்கிறான். இதைவிடப் பெரிய கேள்வியை அவளே எழுப்பினாள்: 1808இலேயே அவனிடம் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டது, கப்பலும் கிடைத்துவிட்டது, அப்போதே ஒரு கடிதம் போட்டிருந்தால் ஆன் சரி என்றிருப்பாள். அதை அவளும் கடைசியில் சொல்கிறாள். ரோஷத்தில் அவன் எழுதவில்லை. ஆக எட்டு வருஷத்தில் ஆறு வருஷம் அவன் கணக்கில் போகிறது, லேடி ரஸ்ஸல் கணக்கில் இரண்டுதான். கணக்கு எழுதுகிறவள் நான், இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற தங்கைக்குப் பிடித்தது லைம் ஊர்க் காட்சி. லூயிசா பிடிவாதமாகக் கடல்சுவர்ப் படியிலிருந்து இரண்டாம் தடவை குதித்துத் தலையில் அடிபட்டு மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கிறாள். ஹென்ரியட்டா மயங்கி விழுகிறாள், மேரி கத்துகிறாள், கப்பலையே ஓட்டிய கேப்டன் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்கு யாரும் உதவ மாட்டீர்களா என்கிறான். ஆன் ஒருத்திதான் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்கிறாள், அதிலும் அவன் ஓட, இவள் நிறுத்தி, இந்த ஊர் தெரிந்த பென்விக் போகட்டும் என்கிறாள். "கேஷுவால்ட்டியில நாங்க தேடறதே இந்த மாதிரி ஒரு ஆளைத்தான்" என்றாள் நர்ஸ். இருபது பேர் கூட வந்திருப்பார்கள், எங்கே எப்போது விழுந்தார் என்று தெளிவாகச் சொல்ல ஒருவர் இருக்க மாட்டார்களாம்.

கொலுசு அக்காவுக்கு மிஸஸ் கிராஃப்ட். வென்ட்வொர்த்தின் அக்கா, 38 வயது, கடல்காற்றில் முகம் கறுத்து வயசுக்கு மேல் தெரிகிறவள், புருஷனோடு கப்பலிலேயே வாழ்ந்தவள், அட்லாண்டிக்கை நாலு தடவை கடந்தவள், ஒரு தடவை கிழக்கிந்தியப் பக்கமும் வந்து போனவள். புருஷன் வண்டியைக் கம்பத்தில் மோதப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்தபடியே கடிவாளத்தை லேசாகத் திருப்பிவிடுகிறாள், அவரையும் குறை சொல்வதில்லை. அக்காவும் மாமாவும் பட்டறையை நடத்துவதும் இப்படித்தான், எங்களுக்குத் தெரியும், அதனால் அவர் அந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. முதல் மூன்று அத்தியாயம் அப்பாவின் பெருமையும் கடனும்தான், ஆன் வாய் திறப்பதே அபூர்வம். (அப்பா சிரிப்பான ஆள்தான், கடற்படை வேலை முகத்தின் நிறத்தைக் கெடுக்கிறது என்பது அவருடைய பெரிய கவலை, அவர் அறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடிகளை அட்மிரல் வந்ததும் தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிடுகிறார்.) 21ஆவது அத்தியாயத்தில் மிஸஸ் ஸ்மித் என்ற விதவை உட்கார்ந்து பழைய கதை முழுவதையும் ஒப்பிக்கிறாள், இழுவை. எனக்குக் கோபமே வந்த இடம் வேறு: செத்துப்போன உதவாக்கரை மகனை நினைத்து ஒரு தாய் பெருமூச்சு விடுவதை, அவள் பருமனாக இருப்பதை வைத்துக் கேலி செய்கிறார் ஆஸ்டின். பெற்றவளுக்குப் பிள்ளை பிள்ளைதானே. இவ்வளவு நுட்பமான மனசு உள்ளவர் அதை ஏன் எழுதினார் என்று இன்னும் புரியவில்லை.

கடைசி நாலு அத்தியாயத்துக்காக ஏற்காடு போனோம். காலை பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, நர்ஸ் தங்கைக்குப் பாதியிலேயே தலைசுற்றல். முதல் நாள் மழை பெய்திருந்தது, காப்பித் தோட்டம் முழுக்கப் பூத்து மல்லிகை வாசம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தது 1820களில், அதாவது இந்த நாவல் அச்சில் வந்து சில வருஷத்துக்குள் என்று பாப்பா சொன்னாள். லேடீஸ் சீட்டில் கூட்டம், அதனால் கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே சேலம் புகைமூட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மிளகாய் பஜ்ஜி ஆறிப்போனது, யாரும் எடுக்கவில்லை, டீச்சரம்மா கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி முழுவதும் சொன்னால் படிக்கப்போகிறவர்களுக்குச் சுவை போய்விடும். ஆணா பெண்ணா, யார் அதிக நாள் மறக்காமல் இருப்பது என்று ஆன் இன்னொரு கேப்டனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், புத்தகங்களை ஆதாரமாகக் காட்டாதீர்கள், எழுதுகோல் உங்கள் கையில்தானே இருந்தது என்கிறாள், அதே அறையில் மேஜையில் வேறு ஏதோ எழுதுவது போல உட்கார்ந்திருக்கிற வென்ட்வொர்த் அதைக் கேட்டுக்கொண்டே இவளுக்கு எழுதுகிறான். கையுறையை மறந்துவிட்டது போலத் திரும்பி வந்து கடிதத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். டீச்சரம்மா சொன்ன ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம்: இந்தக் காட்சி முதலில் இல்லவே இல்லை. 1816 ஜூலை 18இல் ஆஸ்டின் நாவலை முடித்துவிட்டார், அதில் இருவரும் சேர்வது வேறு மாதிரி, அட்மிரல் கொடுத்தனுப்பிய ஒரு கேள்வியைக் கேட்கப்போய்ப் பேச்சு வந்துவிடும். அவருக்கே திருப்தியில்லை. திரும்ப உட்கார்ந்து ஆகஸ்ட் 6க்குள் மாற்றி எழுதினார், கடிதம் அப்போது வந்ததுதான். நீக்கிய அத்தியாயங்கள் அவர் கையெழுத்திலேயே இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1817 ஜூலை 18, 41 வயதில் இறந்துபோனார். அந்த டிசம்பரில்தான் புத்தகம் வந்தது. உடம்பு முடியாத நேரத்தில், முடிந்ததை முடிந்தது என்று விடாமல் திரும்ப எழுத உட்கார்ந்தாரே, அந்தம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடிதம் முடிந்த பிறகு ஒரு இடத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. கல்யாணம் நிச்சயமான பிறகு ஆன் அவனிடம், லேடி ரஸ்ஸல் சொன்னது தப்பு, ஆனால் நான் அதைக் கேட்டது சரி, கேட்காமல் போயிருந்தால் என் மனசாட்சி உறுத்தியிருக்கும் என்கிறாள். நாத்தனாரும் பாப்பாவும் எழுந்தே நின்றுவிட்டார்கள். எட்டு வருஷம் பாழாய்ப்போன பிறகும் கேட்டது சரி என்றால் எப்படி? டீச்சரம்மா, 19 வயசுப் பெண் அன்றைக்கு இருந்த நிலையில் வேறு என்ன செய்திருக்க முடியும், தன் சின்ன வயசை அவள் மன்னிக்கிறாள் என்றார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத் தோன்றியது. பஸ் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள், பாப்பா மட்டும் இறக்கத்தில் பேசாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும்போது, "எங்கம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

படிக்க நினைப்பவர்களுக்கு: நாலாவது அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தாலும் ஒன்றும் குறையாது, முதல் மூன்றை அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம். தனியாகப் படிக்காதீர்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 27 என்பதைப் பார்த்து நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம்.

நான் இப்போது சின்ன அத்தைக்குக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போன ஞாயிறு அவரைப் படியில் உட்காரவைத்துவிட்டு, வெங்காயம் உரிப்பதை நான் வாங்கிக்கொண்டு, ஒன்பதாவது அத்தியாயம் வரை சொன்னேன். குழந்தையைத் தூக்கிய இடத்தில் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"தூக்குனவன் ஒண்ணுமே பேசலையா?"

"இல்லீங்க அத்தை."

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்றார்.